மேசைப் பவளத்தின் கடைசிப் படம்

ஜனவரி 9

சின்னவளுக்கு,

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அக்கா பத்து நாளாக எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நேற்றுதான் வாயைத் திறந்தாள். "போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துவீங்க. உட்கார்ந்து எழுதுங்க. எழுதுறப்போ யாரும் குறுக்கே பேச முடியாது." பேப்பரும் பேனாவும் அவளே வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டாள்.

நாங்கள் நலம். மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிரே கிடங்கின் தகரக் கூரை. கடல் இங்கிருந்து பஸ்ஸில் ஏழு மணி நேரம். அந்தக் கிடங்கில்தான் எனக்கு வேலை, பெட்டி தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். பின்னால் எடுத்தால் பீப் பீப் என்று கத்தும். இருபத்திரண்டு வருடம் பயணிப் படகு ஓட்டியவனுக்கு இப்போது அட்டைப் பெட்டிகள்தான் பயணிகள். ஒன்று நல்லது, பெட்டி சாட்சி சொல்லாது.

விஷயத்துக்கு வருகிறேன். என் லைசன்ஸை மூன்று வருடத்துக்குப் பறித்த உத்தரவை எதிர்த்து மேல்மனு போட மார்ச் 31 கடைசி நாள். புதிதாக ஏதாவது இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள் என்கிறார் வக்கீல். விசாரணையில் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன். ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை காலை, நாற்பத்தொரு பயணிகளோடு தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. பவளத் திட்டுக்கு எல்லைக்குறியாக உங்கள் பவளப் பாதுகாப்பு அமைப்பு போட்டிருக்கும் மஞ்சள் மிதவைக்கு வெளிப்பக்கமாகத்தான் போனேன். ஆனாலும் திட்டில் ஏறினேன். அப்படியென்றால் மிதவை இடம் மாறியிருக்க வேண்டும். அவர்களோ, "உன் படகுதான் மிதவையை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது" என்று முடித்துவிட்டார்கள். ஏனென்றால் நீ எழுந்து, "அதற்கு முந்தின புதன்கிழமை சோதித்திருக்கிறோம், மிதவை இடத்தில்தான் இருந்தது" என்றாய்.

அன்று என்னைப் 'படகின் ஓட்டுநர்' என்றாய். மூன்று தடவை. விசாரணையில் அத்தான் என்று கூப்பிட முடியாது, அது எனக்கும் தெரியும். ஒரு தடவை என் பக்கம் திரும்பியாவது பார்த்திருக்கலாம்.

கேட்பது ஒன்றுதான். புதனுக்கும் திங்களுக்கும் நடுவில் மிதவை நகர்ந்திருக்கலாம் என்று ஒரு வரி எழுதிக் கொடு. நகர்ந்தது என்று சொல்லச் சொல்லவில்லை. நகர்ந்திருக்கலாம். அவ்வளவுதான்.

அத்தான்


ஜனவரி 27

அத்தானுக்கு,

இந்தத் தீவுக்குச் சாமான் படகு வாரத்துக்கு இரண்டு தடவைதான் வருகிறது. தபாலும் அதில்தான். தாமதத்துக்கு அதுதான் காரணம் என்று எழுதலாம். ஆனால் உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது.

மூன்று தடவை படித்தேன். லைசன்ஸ் இருக்கிறது, மிதவை இருக்கிறது, மழை இருக்கிறது, நான் திரும்பிப் பார்க்காதது இருக்கிறது. அடிபட்டது எது என்று ஒரு வார்த்தை இல்லை. விசாரணை அன்று வராந்தாவில் யாரிடமோ, "என்னமோ ஆளைக் கொன்னுட்ட மாதிரி பேசுறாங்க. கல்லுதானேங்க" என்றீர்கள். என் காதில் விழுந்தது.

கல் இல்லை அத்தான். கல்லைக் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கும் உயிர். ஒவ்வொன்றும் மிளகு அளவுகூட இருக்காது. கோடிக்கணக்கில் சேர்ந்து கட்டினவற்றில் ஒன்றுதான் அந்த மேசைப் பவளம். மூன்று மீட்டர் அகலம், ஒற்றைக் காலில் நிற்கும். என்னைவிட வயது அதிகம். காலை பத்து மணிக்கு வெயில் நேராக இறங்கும்போது அதன் மேல்பரப்பு தேன் நிறம், விளிம்பு முழுக்க ஊதா. மேலே நகத்தளவு நீல மீன்கள் நூற்றுக்கணக்கில் மிதக்கும். நிழல் ஒன்று தட்டினால் போதும், எல்லாம் ஒரே நொடியில் கிளைகளுக்குள் போய்விடும், மேசை மட்டும் இருக்கும். பிறகு ஒன்று எட்டிப் பார்க்கும், இன்னொன்று, மறுபடி எல்லாம் மேலே. நாலு வருடம் பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை.

அது ஐந்து துண்டாகக் கிடக்கிறது. உங்கள் படகு இழுத்த கோடு முப்பத்தெட்டு மீட்டர். பக்கத்தில் எங்கள் நாற்றங்கால். உடைந்த பவளக் கிளைகளை இரும்புச் சட்டங்களில் கட்டி வளர்த்து, தேறியதும் திட்டில் கொண்டுபோய் ஒட்டுவோம். பதினொரு சட்டங்களில் ஆறு நசுங்கிவிட்டது. அந்த மீன்கள் இன்னும் அதே இடத்துக்கு வருகின்றன. நிழல் தட்டினால் ஒளிய இடமில்லாமல் மணலைப் பார்த்து ஓடுகின்றன.

ஆறு மாதமாக நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? உங்கள் படகின் அடிச்சாயத்தைச் சுரண்டுகிறோம். படகில் எதுவும் ஒட்டி வளரக் கூடாது என்றுதானே அந்தச் சாயம்? பாறையில் பட்ட இடத்திலும் அது அதே வேலையைச் செய்கிறது. உளியும் கையுமாக, ஒரு நாளைக்கு ஒரு முறம் அளவு இடம் சுத்தமாகும்.

மிதவையைப் பற்றி: புதன்கிழமைக்குப் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இதோடு எங்கள் காலண்டர் வைத்திருக்கிறேன். ஜனவரிப் பக்கத்தில் இருப்பது அந்த மேசைப் பவளம்தான். விபத்துக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, ஒரு பயணி எடுத்த படம். உடையாமல் இருந்தபோது எடுத்த கடைசிப் படம். தினமும் கண்ணில் படும் இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

சின்னவள்


பிப்ரவரி 11

சின்னவளுக்கு,

மாட்டிக்கொண்டேன். நான் இல்லை, உன் அக்கா. சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு மேலே. நான் திருப்பி வைப்பேன், அவள் நேராக்குவாள். இப்படியே நாலு நாள். ஐந்தாவது நாள் அலுத்துப்போய், டீ குடித்துக்கொண்டே பார்த்தேன்.

அழகாகத்தான் இருக்கிறது. இல்லையென்று சொன்னால் என் கண்ணில் கோளாறு என்று அர்த்தம். நீ எழுதிய ஊதா விளிம்பு தெரிகிறது. மீன்களை எண்ணப் பார்த்தேன், நூற்றுப் பத்துக்கு மேல் முடியவில்லை.

இப்போது நீ ஒரு காரியம் செய். உங்கள் சுவரிலும் அந்தக் காலண்டர் இருக்கும்தானே? எழுந்து போய்ப் பார். இடது பக்க மேல் மூலையில் உங்கள் அமைப்பின் சின்னம். அதற்குச் சற்றுக் கீழே சாய்வாக ஒரு கறுப்புக் கோடு. நீங்கள் எல்லோரும் அதை ஏதோ பாசிக்கொடி என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் படித்தவர்கள், மீனைப் பார்ப்பீர்கள். நான் வாழ்நாள் முழுக்கச் சங்கிலி பிடித்தவன். கிடங்கில் சீட்டு எழுதுகிறவரிடம் பூதக்கண்ணாடி வாங்கிவந்து பார்த்துவிட்டேன். வளையம் வளையமாகத் தெரிகிறது. அது மிதவைச் சங்கிலி. மேசையின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி மாட்டியிருக்கிறது. மாட்டின இடத்தில் ஊதா இல்லை, தேய்ந்து வெள்ளையாக இருக்கிறது. ஒரு நாள் உரசலில் அவ்வளவு தேயாது.

மிதவையின் அடிக்கல் மேசையிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நீதான் விசாரணையில் வரைபடம் காட்டினாய். ஞாயிற்றுக்கிழமையே சங்கிலிக்கு அங்கே என்ன வேலை? என் படகு திங்கட்கிழமைதானே வந்தது?

நீ என்னைக் குத்திக் காட்ட அனுப்பியதுதான். இருந்தாலும் ரொம்ப நன்றி.

அத்தான்


பிப்ரவரி 19

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. படம் எடுத்தவரிடமிருந்து அசலை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சங்கிலிதான். நாள் ஆகஸ்ட் 10, மாலை 3.40.

இந்தப் படத்தை நான் ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மறுபடி எழுதுகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

சின்னவள்


மார்ச் 2

சின்னவளுக்கு,

பொறுத்தேன். பதினோரு நாள். நேற்று பொறுமை போய், "சங்கிலி படத்திலேயே இருக்கு. இன்னும் என்ன யோசனை உன் தங்கச்சிக்கு? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்குறா" என்று கத்தினேன். உன் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அவ புதன்கிழமை தீவுலயே இல்ல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "எந்தப் புதன்கிழமை?"

"எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சே, அந்த வாரம். உங்க கூட ஓட்டுறவர் லீவுல போயிட்டார்னு நீங்க ரெண்டு ஷிப்ட் பார்த்துட்டு படகுலயே படுத்துக்கிட்டீங்க. திங்கக்கிழமை சாயந்திரம் வந்து எட்டிப் பார்த்தீங்க. அப்புறம் வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போனீங்க. நடுவுல யாரு இருந்தாங்கன்னு நெனச்சீங்க?"

"சின்னவ செவ்வாய்க்கிழமையே போயிட்டான்னு நீதானே போன்ல சொன்னே?"

"அவ அப்படிச் சொல்லச் சொன்னா. லீவு ஒரு நாள்தான் கெடச்சுது. செவ்வாய் ராத்திரி எனக்குக் காய்ச்சல் நூத்திமூணு. அவ போகல. வியாழன் காலையிலதான் போனா."

ஏன் விசாரணை நேரத்தில் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு வைக்க எனக்குத் தெரியல. நீங்க படகு ஓட்டப் போனதால அவ வந்தா. அவ வந்ததால அங்க பார்க்க ஆள் இல்ல. நான் படுத்துக் கிடந்தேன். மூணு பேருக்கும் இதுல பங்கு இருக்குன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். யாராவது ஒருத்தர் தானா சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சின்னவளே, உன்மேல் கோபப்பட எனக்கு நிறைய இருக்கிறது. ஆறு மாதம் ஊரார் முன்னால் தலைகுனிந்திருக்கிறேன். ஆனால் கோபத்தை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. தொடங்கினால் ஆஸ்பத்திரியில் நீ உட்கார்ந்திருந்த நாற்காலியில் வந்து நிற்கிறது. அது நான் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலி.

மனு போட இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கிறது. நீ செய்வதைச் செய்.

அத்தான்


மார்ச் 8

அத்தானுக்கு,

அக்கா சொன்னது சரி. மீதியை நான் சொல்கிறேன்.

வியாழக்கிழமை மீன்காரர்கள் படகில் தீவுக்கு வந்தேன். உங்கள் படகில் வந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். பதிவேட்டில் புதன்கிழமை வரி காலியாக இருந்தது. எங்களில் தனியாக யாரும் கடலில் இறங்கக் கூடாது என்று விதி. அதனால் என்னோடு வேலை செய்யும் கண்ணாடிக்காரர் போகவில்லை, எனக்காக விட்டுவைத்திருந்தார். "இப்போ போயிட்டு வந்துரலாமா?" என்று கேட்கவும் செய்தார். காற்று உருளைகள் நிரம்பித்தான் இருந்தன. நான் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. நாலு வருடமாக ஒவ்வொரு புதனும் ஒரே வரிதான்: மிதவை இடத்தில், சங்கிலி சரி. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "அடுத்த வாரம் சேர்த்துப் பாத்துக்கலாம்" என்றேன். அவர் என்னை நம்பினார்.

திங்கட்கிழமை நீங்கள் கரையில் நனைந்துபோய் நின்றுகொண்டு, "மிதவை உள்ளே இருந்துச்சு!" என்று கத்தியபோது எனக்குப் பதிவேட்டின் புதன்கிழமை வரிதான் ஞாபகம் வந்தது. பிறகு இறங்கிப் பார்த்தேன். நசுங்கின சட்டங்கள், உடைந்த மேசை, தண்ணீர் முழுக்கப் பால் மாதிரி சுண்ணாம்புத் தூள். வெளியே வந்தபோது உங்கள்மேல் அவ்வளவு கோபம் இருந்தது. அந்தக் கோபம் எனக்கு வசதியாகப் போய்விட்டது. உங்கள் தப்பு என்று நினைத்தால் புதன்கிழமையைப் பற்றி நினைக்க வேண்டாம். விசாரணைக்குள் நானே நம்பிவிட்டேன். அன்று உங்கள் பக்கம் திரும்பாததற்குக் காரணம் அதுதான். திரும்பியிருந்தால் சொல்ல வந்திருக்காது.

மூன்று பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று எங்கள் இயக்குநருக்கு, ஒன்று துறைமுக அலுவலகத்துக்கு. மூன்றாவது இதோடு இருக்கிறது, உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். படத்தின் அசலும் இருக்கிறது. சங்கிலியை அடிக்கல்லோடு சேர்க்கும் கொக்கியை மணலில் தேடி எடுத்தோம். தேய்ந்து அறுந்திருக்கிறது. புதன்கிழமை ஒருவர் இறங்கித் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இயக்குநர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதை நீ என்கிட்ட ஆகஸ்ட்ல சொல்லியிருக்கணும்" என்றார். என்ன நடவடிக்கை என்று இன்னும் தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது.

மன்னிப்பு கேட்பதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

சின்னவள்


மார்ச் 17

சின்னவளுக்கு,

வக்கீல் உன் காகிதத்தைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனிமே ஒண்ணும் இல்ல சார், லைசன்ஸ் உங்க பாக்கெட்ல" என்றார். மனு போட்டாகிவிட்டது. ஏப்ரல் 16 விசாரணை.

நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு தெரு சுற்றிவிட்டு வந்தேன். இதை உன் அக்காவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை உன் அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு அன்றுதான் மறுபடி படகு எடுத்தேன். அன்று காலை ஆறரை மணிக்குத் தீவுக்குப் போகும்போது மழை இல்லை. வானம் துடைத்த மாதிரி இருந்தது. தீவில் வெள்ளைத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதற்கு நேர்கோட்டில் மிதவை நிற்க வேண்டும். அன்று ஒரு கையகலம் உள்ளே தள்ளி நின்றது. பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, நகர்ந்திருக்கிறது என்று. தொட்டியைக் குறியாக வைத்துச் சரியாகப் போய்விட்டேன்.

ரேடியோ என் தலைக்கு மேலேயே இருந்தது. உங்கள் நிலையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு இரண்டு வாரம் முன்னால், என்ஜின் அறையைக் கழுவின எண்ணெய்த் தண்ணீரைத் திட்டுக்குப் பக்கத்தில் கொட்டினேன் என்று நீ படகுத்துறையில் இத்தனை பயணிகள் முன்னால் என்னைத் திட்டினாய். "அறிவிருக்கா அத்தான்?" என்றாய். அது எனக்குள் கிடந்தது. மிதவையைப் பார்த்ததும், "பெரிய மேதாவிதானே, அவளே கண்டுபிடிக்கட்டும்" என்று விட்டுவிட்டேன்.

ஒன்பது மணிக்குத் திரும்பும்போது மழையில் தொட்டி தெரியவில்லை. மிதவையின் மஞ்சள் மட்டும் தெரிந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. கொஞ்சம்தானே நகர்ந்திருக்கும், நாமும் கொஞ்சம் தள்ளிப் போவோம் என்று கணக்குப் போட்டேன். கணக்குத் தப்பிவிட்டது.

காலையிலேயே பார்த்தேன் என்று முதல் விசாரணையில் சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்கள். ஆனால் ஏன் தெரிவிக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதனால் அதை மென்று விழுங்கிவிட்டேன்.

நேற்று வக்கீலிடம் சொன்னேன். "இதை நீங்க என்கிட்ட சொல்லல, நான் கேக்கல" என்றார்.

நீ கண்ணால் பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதினாய். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்லவில்லை. எது பெரிது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அத்தான்


மார்ச் 29

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உங்கள்மேல் கோபமாக இருந்தேன். ஒரு வார்த்தை. ரேடியோவில் ஒரே ஒரு வார்த்தை. பிறகு "அறிவிருக்கா" என்று கேட்டது ஞாபகம் வந்தது. கொட்டினது தப்புதான் அத்தான், அதை இன்றும் சொல்வேன். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

விசாரணையில் என்ன சொல்வது என்பது உங்கள் விஷயம். கடிதத்தைக் கிழித்துவிட்டேன். என்னிடமிருந்து யாருக்கும் போகாது.

என் விஷயம் முடிவாகிவிட்டது. மூன்று மாதம் கடலில் இறங்கக் கூடாது. அதற்குப் பிறகும் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட முடியாது, வேறொருவர் போடுவார். வேலை போகவில்லை, அதுவே பெரிது. கரையில் உள்ள அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டாவது மாடி, ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடம். பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிறேன். ஒவ்வொரு புதன்கிழமை வரியையும் என் கையாலேயே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது.

தீவிலிருந்து வாராவாரம் அறிக்கை வருகிறது. நாற்றங்காலில் உயிரோடு 212, இறந்தது 31. இப்படி எண்தான் இருக்கும். நிறம் என்ன என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. நிறம்தான் முதலில் சொல்லும். கிளையின் நுனி மட்டும் வெள்ளையாக இருந்தால் வளர்கிறது என்று அர்த்தம். கிளை முழுக்க வெளுத்துவிட்டால் போகப்போகிறது. இரண்டும் வெள்ளைதான். கண்ணாடிக்காரரிடம் போனில் கேட்டால், "எல்லாம் நல்லா இருக்கு, நீ உடம்பைப் பார்த்துக்கோ" என்கிறார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

மேசையின் ஐந்து துண்டுகளில் மூன்றைச் சிமென்ட் வைத்து நிறுத்தியிருந்தோம். பிடித்ததா என்று தெரியவில்லை.

அக்காவுக்குத் தையல் போட்ட இடத்தில் இன்னும் வலி இருக்கிறதா? கேட்டால் இல்லை என்பாள். நீங்கள் பார்த்து எழுதுங்கள்.

சின்னவள்


மே 5

சின்னவளுக்கு,

உன் அக்காவுக்குப் படி ஏறும்போது வலி இருக்கிறது. டாக்டரிடம் கூட்டிப்போனேன். தையல் ஆறிவிட்டது, தழும்பு இழுக்கிற வலிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். இந்தத் தடவை நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

விசாரணையில் உன் காகிதத்தைப் படித்தார்கள், படத்தைப் பார்த்தார்கள். அதிகாரி என்னிடம், "அப்போ மிதவை நகர்ந்தது உங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை, அப்படித்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வக்கீல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லைங்க. காலையிலேயே பார்த்தேன்" என்றேன். வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வருடம் என்பது ஒன்றரை வருடமாகியிருக்கிறது. அடுத்த பிப்ரவரியில் லைசன்ஸ் வரும். வந்த பிறகும் ஆறு மாதம் இன்னொருவருக்குக் கீழேதான். அவர் என்னிடம் வேலை கற்றவர். "சார்னு கூப்பிடணுமா?" என்று கேட்டேன். அவர் நெளிந்தார்.

உன் அக்காவிடம் முந்தின நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உம்" என்றாள். அவ்வளவுதான்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் தீவுக்குப் போனோம். என் பழைய படகில், பயணியாக. பின்வரிசையில் உட்கார்ந்து போவது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கண்ணாடிக்காரர் எங்களைச் சின்னப் படகில் நாற்றங்காலுக்குக் கூட்டிப்போனார். எனக்கு நீச்சல் தெரியாது என்று சொன்னதும் சிரித்தார். "இருபத்திரண்டு வருஷம் கடல்லயா இருந்தீங்க?" "மேல இருந்தேன்" என்றேன். இடுப்பில் மிதவை வளையம், முகத்தில் கண்ணாடி, வாயில் குழாய். படகின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். முதல் தடவை உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். மூன்றாவது தடவைதான் பார்த்தேன்.

அறிக்கை எழுதுகிறேன். உன் படிவத்தில் கட்டம் இல்லாததை மட்டும்.

முதல் வரிசை, நாலு சட்டம்: மான்கொம்பு மாதிரிக் கிளை விட்டவை. நிறம் சுக்குக் காப்பி. நுனியெல்லாம் வெள்ளை, நகக்கண் அளவு. நுனி மட்டும்தான், நன்றாகப் பார்த்தேன். வளர்கிறது.

மூன்றாவது வரிசை, கடைசிச் சட்டம்: பச்சை. என்ன பச்சை என்று சொல்லத் தெரியவில்லை. உள்ளே விளக்கு எரிகிற பச்சை. எங்கள் கிடங்கில் எத்தனையோ நிறத்தில் பெட்டி வருகிறது, இந்த நிறத்தில் ஒன்றுகூட வந்ததில்லை.

இரண்டாவது வரிசை, நடுவில் இரண்டு சட்டம்: முழுக்க வெள்ளை. நுனி, கிளை, அடி எல்லாம். கண்ணாடிக்காரர், "இதை அவளுக்கு எழுதாதீங்க, கஷ்டப்படுவா" என்றார். எழுதுகிறேன். நான் ஒன்றைப் பார்த்துவிட்டு உன்னிடம் சொல்லாமல் இருப்பது ஒரு தடவையோடு போதும்.

மேசைத் துண்டுகள்: மூன்றில் இரண்டு பிடித்திருக்கிறது. சிமென்ட் மேல் விளிம்பு மாதிரி வழிந்து, இரண்டு விரல் அகலத்துக்குப் புதிதாகப் படர்ந்திருக்கிறது. அந்த இரண்டு விரலும் ஊதா. மூன்றாவது சாய்ந்து கிடக்கிறது, அதில் பாசி. நீல மீன்கள் இருக்கின்றன. நான் எண்ணியது பத்தொன்பது. என் கை நிழல் பட்டதும் சின்னத் துண்டுக்குள் போய் ஒளிந்தன. இடம் பற்றாமல் இரண்டு மூன்று வெளியே நின்றன.

பிறகு அந்தக் கோட்டைக் காட்டச் சொன்னேன். நான் பார்த்தே ஆக வேண்டியதில்லை என்றார் அவர். நான் விடவில்லை. மேலிருந்து பார்த்தால் தார் போடாத ரோடு மாதிரி இருக்கிறது. இரண்டு பக்கமும் நிறம், நடுவில் சாம்பல். அகலத்தை அளக்கத் தேவையில்லை, என் படகின் அடிவயிறு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் இதன் பக்கத்தில் ஓட்டியிருக்கிறேன். இங்கே கீழே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், 'ஒன்றரை ஆள் ஆழம்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

தலையைத் தூக்கியதும் உன் அக்கா, "என்ன தெரியுது?" என்று கேட்டாள். கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன்.

வயிற்றை அழுத்தாமல் வளையத்தை மாட்டி, அவளைப் படகின் ஓரத்தில் மெல்ல இறக்கினோம். முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். நான் அவள் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. கண்ணாடிக்காரர் படகை மெல்ல நகர்த்தினார், நாற்றங்கால் மேல், மேசைத் துண்டுகள் மேல், பிறகு அந்தக் கோட்டின் மேல், முப்பத்தெட்டு மீட்டரும். குழாயில் அவள் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. என் கை மரத்துவிட்டது.

கடைசியில் தலையைத் தூக்கினாள். குழாயை வாயிலிருந்து எடுத்தாள். இந்த ஒன்பது மாதத்தில் ஒரு நாள்கூட அவள் விபத்தைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"இது மேலயா ஏத்துனீங்க?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

மறுபடி முகத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டாள்.

அத்தான்